நிறை

கொட்டாஞ்சேனைப் பாமசி வாசலில்
நிறை பார்க்கும் மெஷின்.
காசைப் போட்டால்
சிவப்பு பல்ப் மூன்றுதரம் மினுங்கி
ஒரு அட்டையைத் துப்பும்.
மாசியில் ஐம்பத்தாறு புள்ளி நான்கு.
ஆடியில் ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்று.
செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன்.
கைப்பையைக் கீழே வைத்து இன்னொருதரம்.
மெஷினிடம் இரக்கமில்லை
என்னிடம் சில்லறையுமில்லை.

இரண்டு கிலோ எழுநூறு கிராம்.
பிறந்த பிள்ளையின் நிறை, ஏறக்குறைய.
அந்தப் பிள்ளை இப்போதைக்கு வேண்டாமென்றுதான்
ஒவ்வொரு இரவும் செய்தி முடிந்ததும்
பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறக்கிறேன்.
கண்ணாடி போன வருஷமே உடைந்துபோயிற்று.
கூட்டுக்குள் இப்போது
இருபத்தொரு வெள்ளை, ஏழு பழுப்பு.
பழுப்பு வெறும் இரும்புச்சத்துத்தான் என்றார்
கிளினிக் மிஸ்.
வேலை செய்வது வெள்ளை.
வேறு என்னென்ன வேலையெல்லாம் செய்யும் என்பது
பெட்டிக்குள் மடித்த தாளில்
கடுகெழுத்தில் இருக்கிறது.
அதை வாசிக்கத்தான்
அந்தக் கண்ணாடி வேண்டும்.

கணக்குப் பிரிவில் மெர்சலின் சொன்னாள்:
குளிசையை விடு, நான் ஊசி போட்டு
ஒரு வருஷத்தில் ஏழு கிலோ.
பிறகு நிறுத்தியும் அது இறங்கவில்லை,
வாடகை கொடுக்காத குடித்தனக்காரன்மாதிரி.
ஃபஸ்னா சொன்னாள்:
நானும் உன்னுடைய குளிசைதான், எட்டு வருஷம்,
கலியாணச் சட்டை இன்றைக்கும் அளவு.
(போட்டுக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை.)

டொக்டர் பேனையை மூடினார்.
குளிசையால்தான் கூடியது என்று
அடித்துச் சொல்ல ஏலாது, டொரின்.
ஊசி என்றால் சிலருக்குக் கூடும்.
இதில் கொஞ்சம் தண்ணீர் கட்டலாம்.
பின்னேரத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள்?

மாலுபணிஸ்.
ஒன்றா?
ஆனி முழுக்க ஒடிட்.
இரவு எட்டரை வரைக்கும் கதிரை.
இரண்டு என்று சொன்னேன்.
மூன்று.

அமலனுக்கு இதே ஐந்து மாதத்தில்
ஆறு கிலோ ஏறியிருக்கிறது,
ஒரு குளிசையும் போடாமல்.
பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு
விசிலடித்தபடி வேலைக்குப் போகிறார்.
காரணம் என்னவென்று
ஒருவரும் அவரை நிறுத்திக் கேட்டதில்லை.

என்னைக் கேட்கிறார்கள்.
பூசை முடிந்து கோயில் படியிறங்கும்போது,
கண்ணை முதலில் என் இடுப்புக்கு அனுப்பி
அது திரும்பி வந்த பிறகு வாயைத் திறந்து:
விசேசமோ?
மேல்மாடி ஸ்டெல்லா மாமி
கேட்காமலே ஊறுகாய்ப் போத்தல் அனுப்பிவிட்டார்.
நல்ல ஊறுகாய்.
சோறும் கொஞ்சம் கூடத்தான் இறங்கியது.

நிறை என்றால் தராசில் ஏறுவது.
நிறைகுடம் தளும்பாது.
நிறைமாதக்காரிக்கு வழி விடு.
ஒரே சொல்லை
இத்தனை பேர் இழுத்தால்
அதுவும் கொஞ்சம் ஊதத்தானே செய்யும்.

நேற்று பொரளையில்
நூற்றி எழுபத்தாறில் ஏறினேன்.
மழை. ஈரக் குடைகள்.
ஒரு காலுக்கு மட்டும் இடம்.
கர்ப்பிணித் தாய்மாருக்கென்று எழுதிய சீட்டில்
காதில் வயர் செருகிய பெடியன்.
என்னைப் பார்த்தான், இன்னும் கீழே பார்த்தான்,
துள்ளி எழும்பினான்.
"வாடிவென்ன, அக்கே."

சொல்லியிருக்கலாம்.
தம்பி, இது தண்ணீர்.
அல்லது இது மூன்று மாலுபணிஸ்.
அல்லது இது என்னவென்று
டொக்டருக்கே நிச்சயமில்லை.
ஆனால் காலையிலிருந்து குதி வலி.
அந்த சீட் ஜன்னலோரம்.

இருந்துவிட்டேன்.

பக்கத்து மனுஷி
மீன் பையைக் காலடிக்குத் தள்ளி
எனக்கு இடம் செய்து தந்தார்.
எத்தனை மாதம், மகள்?

மாசி, பங்குனி, சித்திரை...
விரல் மடித்துப் பார்த்தேன்.
ஐந்து, என்றேன்.
அது பொய்யில்லை.

கவனம், என்றார். முதல் பிள்ளையென்றால்
உடம்பு என்ன செய்யுமென்று
உடம்புக்கே தெரியாது.

கைப்பையை மடியில் ஏற்றி
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
மருதானையில் பஸ் ஒரு குழியில் விழுந்தெழும்ப
பைக்குள்ளே, கூட்டுக்குள்ளே,
மெல்ல
ஏதோ அசைந்தது.